பி.டி.எஸ்-ஸா, இன்னொரு நீட்டா?

பல் மருத்துவக் கல்லூரிக்கு நம் பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள்? யாரும் கேட்காத கேள்விகளும், கேட்டே ஆக வேண்டிய கணக்குகளும்...

"பி.டி.எஸ். காலேஜையும் சேர்த்துப் போட்டுடவா, வேண்டாமாக்கா?"

பிரவுசிங் சென்டர் தம்பி கேட்டுவிட்டு, மவுஸில் கை வைத்தபடி காத்திருக்கிறார். அம்மா மகளைப் பார்க்கிறார். மகள் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைலில் நீட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான போனஃபைட் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஸ்பீக்கரில் போட்ட போனில் தாய்மாமன் பேசுகிறார்: "பல் டாக்டருக்கெல்லாம் எதுக்கும்மா படிக்கணும்? இன்னொரு வருஷம் கோச்சிங் போட்டா எம்.பி.பி.எஸ்ஸே வாங்கிடுவா." வேலை செய்யும் இடத்திலிருந்து அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "எது கிடைக்குதோ அதைப் போடச் சொல்லு." வாசலில் இன்னும் நான்கு குடும்பங்கள் நிற்கின்றன. "சைட் அஞ்சு மணிக்கு க்ளோஸ்க்கா" என்கிறார் தம்பி. அம்மா தலையசைக்கிறார். பட்டியலில் பி.டி.எஸ். கல்லூரிகள் ஏறுகின்றன.

கவுன்சலிங் நடக்கும் நாள்களில் தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஐந்து வருடப் படிப்பும் அதற்குப் பின்னான வாழ்க்கையும் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகின்றன. "உனக்கு அந்த வேலை பிடிக்குமா பாப்பா?" என்று அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் கேட்பதில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் கேட்டிருந்தால் இப்போது கேட்க வேண்டியே இருந்திருக்காது.

பல்லைப் பற்றிய பாடமே இல்லாத தேர்வு

பி.டி.எஸ்-க்கு என்று தனித் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் ஒரே நீட். ஒரே விண்ணப்பம், ஒரே வினாத்தாள், ஒரே ரேங்க். "நான் பல் மருத்துவம் படிக்கத்தான் எழுதுகிறேன்" என்று சொல்ல விண்ணப்பத்தில் ஓர் இடம்கூட இல்லை.

இதைவிடப் பெரிய விநோதம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மனிதனின் பல் வரிசை, பால் பல், நிரந்தரப் பல், பல் சூத்திரம் ஆகியவை பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலில் 'செரித்தலும் உட்கிரகித்தலும்' என்ற பாடத்தில்தான் வந்தன. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். 2024 நீட்டுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்திலும் அது நீக்கப்பட்டது. நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. நீட்டுக்கு அது தேவைப்படாது. பல் மருத்துவராகப் போகும் ஒரு பிள்ளை, பல்லைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட முடியும்.

■ பெட்டிச் செய்தி: தேர்வின் கணக்கு

2025-லிருந்து 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். எல்லாக் கேள்விகளும் கட்டாயம். 2021 முதல் 2024 வரை 'பி' பகுதியில் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து எழுதும் சலுகை இருந்தது, இப்போது இல்லை.

இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண்.

சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, விட்டுவிட்டால் பூஜ்யம்.

காகிதத்தில், ஓ.எம்.ஆர். தாளில் எழுதும் தேர்வு. தமிழ் உட்பட 13 மொழிகளில் வினாத்தாள் உண்டு. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் தேர்வுக்கு 1.30-க்கு வாசல் மூடப்படும்.

ஒரே மதிப்பெண் எடுத்தவர்களில் உயிரியலில் அதிகம் எடுத்தவர் முந்துவார்.

இங்கே வந்த கதை

தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆனது. நீட் முதன்முதலில் 2013-ல் நடந்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது, 2016-ல் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஒரு வருடம் மாநில ஒதுக்கீட்டுக்கு விலக்கு கிடைத்தது. 2017-ல் அதுவும் போனது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று இழந்தோம். விலக்கு கேட்டு 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார்.

நீட் நியாயமா என்ற வழக்கு தொடரட்டும், தொடர வேண்டும். ஆனால் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

மார்க்கை நம்பாதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள்

"போன வருஷம் இந்த மார்க்குக்கு பி.டி.எஸ். கிடைச்சுது" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை வைத்து வீடுகளில் இலக்கு வைக்கிறார்கள். இது எவ்வளவு ஆபத்து என்பதை இரண்டே ஆண்டுகள் காட்டிக்கொடுத்தன. 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர். 2025-ல் இயற்பியல் கேள்விகள் பிழிந்தெடுத்தன. அகில இந்திய முதலிடமே 686-தான். பொதுப் பிரிவில் தகுதி பெற 2024-ல் 162 தேவைப்பட்டது, 2025-ல் 144 போதுமானதாக இருந்தது. ஒரு வருடத்து மதிப்பெண்ணை அடுத்த வருடத்துக்குக் கட்-ஆஃப் ஆக வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். கல்லூரிவாரியாகக் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண், அதுவும் உங்கள் சமூகப் பிரிவில், முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எப்படி இருந்தது என்று பார்ப்பதே சரி.

இன்னொரு குழப்பம் 'குவாலிஃபை' என்ற சொல்லில். பொதுப் பிரிவுக்கு 50-வது பர்சன்டைல், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40-வது பர்சன்டைல் தாண்டினால் தகுதி. 2025-ல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். தகுதி என்பது கவுன்சலிங் வாசலுக்குள் நுழைய ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். "பாஸ் பண்ணிட்டான்" என்று ஊருக்கு இனிப்பு கொடுத்த வீடுகள் ஆகஸ்டில் படும் வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

படிப்பில் எங்கே கை வைப்பது? பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. சமநிலை வந்தால் முந்தவைப்பதும் அதுவே. என்.சி.இ.ஆர்.டி. நூலை வரி வரியாக, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு வரை படிக்க வேண்டும் என்று பயிற்சி ஆசிரியர்கள் சொல்வது மிகையில்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் இந்த நூலைப் பிளஸ் ஒன்னிலேயே கையில் எடுத்துவிட வேண்டும். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ஏப்ரல் மாத க்ராஷ் கோர்ஸில் முதல் முறையாகத் திறந்தால் அது நூலாக இருக்காது, மிரட்டலாக இருக்கும்.

மைனஸ் மார்க் பயம் பற்றி ஒரு கணக்கு. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தவறு என்று தெரிந்துவிட்டது. மீதி இரண்டில் குழப்பம். அப்படிப்பட்ட பத்து கேள்விகளில் ஐந்து சரியானால் 20, ஐந்து தவறானால் மைனஸ் 5. கையில் 15 மிஞ்சும். அதை விட்டுவிடுவது நஷ்டம். கேள்வியே புரியாமல் குறிப்பது வேறு சங்கதி. அதில் லாபம் அற்பம், தலைவிதியை நம்பும் பழக்கம்தான் வளரும். இந்த வித்தியாசத்தை மாக் டெஸ்ட்டில் பழக வேண்டும். மாக் டெஸ்ட்டையும் பிற்பகல் 2 முதல் 5 வரை, அசல் ஓ.எம்.ஆர். தாளில், கருப்பு பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பழகுங்கள். மே மாத வெயிலில் சாப்பிட்டதும் கண் சொருகும் நேரம் அது.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு

2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி இன்றும் இருக்கிறது. தமிழ் வினாத்தாள் கேட்பவர்களுக்கு ஆங்கிலமும் சேர்த்தே தருகிறார்கள். தமிழ்வழி மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கப் பழகுவது, குறிப்பாகக் கலைச்சொற்களை இரு மொழியிலும் தெரிந்துவைத்திருப்பது, தற்காப்பு. இப்படியொரு தற்காப்பு தேவைப்படுவதே அநீதி. தாய்மொழியில் எழுதலாம் என்று உரிமை தந்த அமைப்பு, தன் பிழைக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்த இந்தச் சட்டம் எம்.பி.பி.எஸ்-க்கு மட்டுமல்ல, பி.டி.எஸ்-க்கும் பொருந்தும்.

இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. கட்டணத்துக்குப் பயந்து தனியார் கல்லூரிகளைப் பட்டியலில் போடாமல் விடாதீர்கள்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று: சென்னை (1953-ல் தொடங்கியது), சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்தது, 2023-ல் 50 இடங்களோடு திறக்கப்பட்ட புதுக்கோட்டை.

ரிப்பீட்டர் என்று ஒரு வருடம்

'இன்னொரு வருஷம்' என்று தாய்மாமன் சொன்னாரே, அந்த வருடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு கூடிய லாங் டெர்ம் கோச்சிங். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களை ஸ்டேட்டஸில் வைக்கும்போது, இந்தப் பிள்ளை வார டெஸ்ட் ரேங்க் ஒட்டும் பலகை முன்னால் நிற்கும். செலவு லட்சத்தைத் தொடும். பல வீடுகளில் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும்.

அந்த வருடம் சிலருக்கு உண்மையாகவே பலன் தருகிறது. யாருக்கு? பாடம் புரிந்தும் நேரம் போதாமல் போனவர்களுக்கு, பொதுத் தேர்வுக்கும் நீட்டுக்கும் இடையில் நசுங்கியவர்களுக்கு, எம்.பி.பி.எஸ். கட்-ஆஃபுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டவர்களுக்கு. இயற்பியலின் அடிப்படையே பிடிபடாதவர்களுக்கும், தானாக ஆசைப்படாமல் வீட்டாரின் ஆசைக்காகப் போகிறவர்களுக்கும் இன்னொரு வருடம் பெரும்பாலும் இன்னொரு காயமாகவே முடிகிறது. நீட்டுக்கு வயது உச்சவரம்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இது சலுகை போலத் தெரிந்தாலும், எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்குத் தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம். ஒரு முறை ரிப்பீட் போதும், அதற்குமேல் வேண்டாம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக ஒரு வழியையும் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். பி.டி.எஸ்-ல் சேர்ந்துவிட்டு, உள்ளூர நீட்டுக்கே படிப்பது. முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல் உடற்கூறியல் என்று பாடங்கள் மலைபோல் நிற்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓடி, மே மாதம் நீட்டிலும் தவறி, முதலாண்டுத் தேர்விலும் அரியர் வைத்து நிற்கும் பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது? சேர்ந்த பிறகு விலகினால் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும்.

இந்த மாதங்களில் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒதுங்கினால் 'டென்ஷன்தான், சரியாயிடும்' என்று விடாதீர்கள். 104 மருத்துவ உதவி எண்ணும் 14416 டெலி மானஸ் எண்ணும் எந்த நேரமும் எடுக்கப்படும். மாணவர்களே நேரடியாகப் பேசலாம்.

மெழுகுக் கட்டி முன்னால்

முதலாண்டு பல் உடற்கூறியல் ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு மெழுகுக் கட்டி. பக்கத்தில் ஸ்கேல், மெழுகுக் கத்தி, லெக்ரான் கார்வர் என்ற மெல்லிய செதுக்கு கருவி. செதுக்க வேண்டியது மேல் தாடையின் நடு வெட்டுப்பல். பாடநூல் தரும் அளவு: தலைப்பகுதியின் உயரம் 10.5 மில்லிமீட்டர், அகலம் 8.5 மில்லிமீட்டர், வேர் 13 மில்லிமீட்டர். இந்த விகிதம் மாறாமல் பெரிதாக்கி, கட்டியின் நான்கு பக்கமும் கோடு போட்டு, சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். உதட்டுப் பக்கம் லேசான வளைவு, நாக்குப் பக்கம் சின்னப் பள்ளம், ஒரு முனை கூர்மை, மறுமுனை மழுக்கம். ஒரு சுரண்டல் அதிகமானால் மூலை உடைந்துபோகும். மறுபடி புதுக் கட்டி.

நீட்டில் 600 எடுத்தவரும் 400 எடுத்தவரும் இந்த மேசையில் சமம். சிலருக்குக் கை உடனே வசப்படுகிறது, சிலர் மாதக்கணக்கில் திணறுகிறார்கள். பழகினால் வரும் வித்தைதான்; ஆனால் பொறுமையும் விருப்பமும் இல்லாதவருக்கு ஐந்து வருடமும் தண்டனை.

அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்றே டாட் என்ற தனித் தேர்வு உண்டு. ஒரு காலத்தில் அதில் சாக்பீஸ் செதுக்கச் சொன்னார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு, வடிவங்களைக் கண்ணால் அளக்கும் திறனைச் சோதிக்கும் 90 கேள்விகள் கொண்ட தனிப் பகுதியை வைத்தார்கள். கனடாவில் பல காலம் சோப்பைச் செதுக்கினார்கள். 17 வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தேர்வு வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கும் சுமையே அதிகம். ஆனால் கையால் செய்யும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்று அங்கே நினைத்தார்கள். இங்கே அந்தப் பேச்சு வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை, கோச்சிங்கிலும் இல்லை.

காலி இடங்களும் கடைசிச் சுற்றும்

நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலானவை தனியார். ஆண்டுதோறும் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. 2020-21-ல் சுமார் 7,000 இடங்கள் நிரம்பவில்லை. நாட்டில் பல் மருத்துவர்கள் போதிய அளவில் இருக்கிறார்கள், எனவே தகுதி மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை என்று மத்திய அரசு வாதாடியது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 8 அன்று பி.டி.எஸ்-க்கான தகுதியைப் பத்து பர்சன்டைல் குறைக்க உத்தரவிட்டது. தனியார் கல்லூரிகளின் கட்டணம் மிக அதிகமாக இருப்பதையும் சுட்டிக்காட்டி, குறைப்பதைப் பற்றி யோசிக்கச் சொன்னது.

தயாராகிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதல் சுற்றில் பி.டி.எஸ். கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை. சுற்றுகள் நகர நகரப் பட்டியல் கீழே இறங்கும். அதே நேரம், கடைசிச் சுற்றில் காலியாக இருப்பவை பெரும்பாலும் கட்டணம் அதிகமான இடங்கள். 'சீட் இருக்கு, இன்னைக்கே டிடி எடுத்துட்டு வாங்க' என்று போன் வரும். அரசு ஒதுக்கீட்டு இடமா, மேனேஜ்மென்ட் கோட்டாவா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பதைப் பொறுத்து வருடக் கட்டணம் சில லட்சங்கள் மாறும். அகில இந்திய ஒதுக்கீட்டின் கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் போனால் முன்பணமும் போகும், அடுத்த நீட் எழுதத் தடையும் வரும். கவுன்சலிங் இல்லாமல் நேரடியாகச் சேர்த்துவிடுகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நீட் தரவரிசையும் கலந்தாய்வும் இல்லாத பி.டி.எஸ். சேர்க்கை செல்லாது.

ஐந்து வருடத்துக்குப் பிறகு

நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். கட்டணம் போக, கருவிப் பெட்டி, மெழுகு, பிளாஸ்டர், பயிற்சிப் பற்கள் என்று கைச்செலவு ஒவ்வொரு வருடமும் இருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இத்தனை பல் எடுத்தல், இத்தனை அடைப்பு, இத்தனை முழுப் பல்செட் என்று 'கோட்டா' முடிக்க வேண்டும். நோயாளி கூட்டம் இல்லாத கல்லூரியில் மாணவர்கள் ஊரிலிருந்து தாத்தா பாட்டியைக் கூட்டிவந்து கோட்டா முடிப்பதும் நடக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளி வரிசையைப் பாருங்கள். அங்கே கூட்டம் இருந்தால் உங்கள் பிள்ளையின் கை பழகும்.

படித்து முடித்தவர்களின் நிலையை மறைக்கக் கூடாது. அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெரிய கிளினிக்கில் சேரும் புதியவருக்கு முதல் சில வருடங்கள் சம்பளம் சொற்பம். சொந்தமாகத் தொடங்க நாற்காலி, எக்ஸ்-ரே, கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ் என்று லட்சக்கணக்கில் முதலீடு. எம்.டி.எஸ். படிக்க மறுபடி ஒரு நீட். வெளிநாடு போனால் அங்கே தனித் தேர்வு எழுத வேண்டும்.

இதெல்லாம் உண்மை. வாயில் வெள்ளைத் திட்டு பார்த்து, "இது சாதாரணப் புண் இல்லை, உடனே பயாப்ஸி எடுக்கணும்" என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் ஒரு பல் மருத்துவர் என்பதும் உண்மை. புகையிலை மெல்லும் நாட்டில் அந்த ஒரு பார்வை உயிர் காக்கிறது. பல்லெல்லாம் போய்க் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்த பெரியவரை மறுபடி முறுக்கு கடிக்கவைப்பவரும் அவரே. நடு இரவு அழைப்பு குறைவு, பெயர் நிலைத்த பின் நிலையான வருமானம், சொந்த ஊரிலேயே தொழில் என்று இந்தப் படிப்பை விரும்பி எடுத்தவர்கள் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று இதைப் பேசுவது அந்தத் தொழிலுக்கும் அநீதி, படிக்கப்போகும் பிள்ளைக்கும் அநீதி.

அரசிடம் ஒரு கோரிக்கை. பிளஸ் ஒன் விடுமுறையில் நீட் பயிற்சி பெறும் அரசுப் பள்ளி மாணவர்களை ஒரு நாள் அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ, மாவட்ட மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ அழைத்துப்போங்கள். பேருந்துச் செலவுதான் ஆகும். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாகக் கடைசி ரேங்க் பட்டியலைத் தமிழில், எளிதாகப் புரியும்படி வெளியிடுங்கள்.

பெற்றோர்களே, நீட் விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் திறக்கிறது. அந்த மாதமே உங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, ஓர் அரை நாள் பிள்ளையை அவர் கிளினிக்கில் உட்காரவையுங்கள். ரத்தம், எச்சில், நோயாளியின் பயம், டாக்டரின் முதுகுவலி எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பிடித்திருந்ததா என்று கேளுங்கள். பிடித்தது என்றால் பி.டி.எஸ். கல்லூரிகளைப் பட்டியலில் தைரியமாகப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால், எந்தச் சுற்றில் எந்த இடம் வந்தாலும் போடாதீர்கள்.